கன்னையா, கிம்மாஸ், இரண்டு பேர்

இதில் நான் எழுதும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. முப்பத்து மூன்று வருடம் ரயில்வேயில் கொடி பிடித்த இந்த வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன். பொய் சொன்னால் இந்தக் கை விளங்காமல் போகட்டும். இடது கைக்கு நான் பொறுப்பில்லை.

முதலில் மின்விசிறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வல்லிபுரம் ஐயாவின் விடுதியில், மாடியில், ஏழாம் எண் அறையில் ஒரு மின்விசிறி இருந்தது. அது எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்றால், ஒரு சிலந்தி இரண்டு இறக்கைகளுக்கு நடுவில் வலை கட்டிக் குடும்பம் நடத்தியது. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஒரு வருடம் நான் போனபோது முட்டை. அடுத்த வருடம் போனபோது குஞ்சுகளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வயதில் இருந்தன.

நேற்று இதைச் சொன்னபோது, இன்ஸ்பெக்டர் ஷாமினி, நீங்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, “அங்கிள், கேஸுக்கு வாங்க லா,” என்றீர்கள். இதுதான் கேஸ். அந்த விசிறியை இந்த வருடம் கழற்றிவிட்டார்கள். மலாயில் எழுதினால் எனக்குக் கை ஓடாது என்று சொன்னதும் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, “தமிழ்லயே எழுதுங்க, நான் பாத்துக்கிறேன்,” என்றீர்கள். நல்ல பிள்ளை. ஆகவே என் வரிசையில் எழுதுகிறேன்.

என் பெயர் கன்னையா. வயது எழுபத்தைந்து. ஊர் கிம்மாஸ். கிழக்கே போகிற தண்டவாளமும் தெற்கே போகிற தண்டவாளமும் பிரிகிற ஊர். அதைத் தவிர அங்கே பிரிவதற்கோ சேர்வதற்கோ வேறொன்றும் கிடையாது. அப்பா தண்டவாளத்துக்குக் கட்டை போட்டவர். நான் ஷண்டர்.

ஷண்டர் என்றால் என்னவென்று நீங்கள் கேட்டீர்கள். இன்ஜின் பின்பக்கமாகப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆள் நிற்கிறானா, மாடு நிற்கிறதா, தண்டவாளமே முடிந்துபோகிறதா, ஒன்றும் தெரியாது. அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. என் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். வலது கையில் பச்சைக் கொடி. அது ஆடுகிறவரை வரலாம். இடது கையில் சிவப்பு. அதைத் தூக்கினால் நிற்க வேண்டும். சிவப்பு வராமல் ஏதாவது நடந்தால் பழி ஓட்டுகிறவன்மேல் இல்லை. எழுதிவைத்த விதி அது. முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூடச் சிவப்பை மறந்ததில்லை.

ரயில்வேயில் வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்துக்கு இலவசப் பாஸ் கொடுப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். மற்றவர்கள் பினாங்குக்குப் போய்க் கடலைப் பார்த்தார்கள், சிங்கப்பூருக்குப் போய்க் கட்டடத்தைப் பார்த்தார்கள். நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். அந்தக் காலத்தில் வல்லிபுரம் ஐயாவின் விடுதி மாடி ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டியவரை ரயில்வே யார்டு. பெட்டிகள் சேர்வதும் பிரிவதுமாக நாள் முழுக்க வேலை நடக்கும்.

கூட வேலை செய்த பாலன் கேட்பான்: “ஏண்டா, வருசம் பூரா ஷண்டிங் பண்ணிட்டு, லீவுல போயி இன்னொருத்தன் ஷண்டிங் பண்றத பாக்குறியா?”

“ஆமா. அங்க அவன் வேலை செய்வான், நான் உக்காந்து பாப்பேன். அதுக்குப் பேருதான்டா லீவு.”

முதல்முறை போனது எழுபத்தொன்பதில். கல்யாணமாகி நாற்பது நாள். நல்லம்மாளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வாசலில் பெரிய பேரேடு ஒன்று இருக்கும். வந்தவர்கள் பெயர், ஊர், எத்தனை பேர் என்று அவரவர் கையாலேயே எழுத வேண்டும். வல்லிபுரம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர் அல்லவா, எல்லாம் ஒழுங்கு. நான் எழுதினேன்: கன்னையா, கிம்மாஸ், இரண்டு பேர். வல்லிபுரம் ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து வடிவாயிருக்கு. நீர் கிளார்க்கோ?” என்றார். ஷண்டர் என்றேன். அதற்குப் பிறகும் மரியாதையாகத்தான் நடத்தினார்.

ஒரு வாரம் தங்குவோம். திங்கள் பத்துமலை. செவ்வாய் பூங்கா. புதன் ரயிலேறிக் கிள்ளான், அங்கே மணிக்கூண்டுத் தெருப் பக்கம் ஒரு கடையில் இலைச் சாப்பாடு. வியாழன் சினிமா. வெள்ளி, சனி ஜன்னல். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் இரண்டாம் வாரம், அதே நாள், அதே வரிசை, அதே மேசை. நல்லம்மாளும் ஜன்னலில் உட்கார்ந்து பெட்டிகளை எண்ணுவாள். தேநீரைச் சாஸரில் ஊற்றி, மூன்று முறை ஊதி, பிறகு குடிப்பாள். இரண்டாம் வருடம் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மனப்பாடம் ஆகியிருக்கும். மூன்றாம் வருடம் கிள்ளானில், “வேற கடையில சாப்பிட்டுப் பாக்கலாமே,” என்றாள். வேறு கடைக்குப் போவதென்றால் வேறு ஊருக்கே போய்விடலாமே என்று நான் விளக்கினேன்.

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றாள்.

வேடிக்கையாகப் பேசத் தெரிந்தவள்.

விடுதிக்குப் பின்னால் சிமெண்டு முற்றம். ஒரு ஜம்பு மரம், ஒரு கிணறு, லோரி வந்து நிற்கப் பின்வாசல். கிணற்றின் ஆழத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் ஒரு கல்லைப் போட்டால் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போதுதான் சத்தம் வரும். தீயணைப்புக்காரர்கள் முப்பத்திரண்டு அடி என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர்கள் வேறு மாதிரி அளந்திருப்பார்கள்.

பின்வாசலுக்குத் தினமும் காலையில் காப்பார் என்கிற ஊரிலிருந்து மீன் லோரி வரும். ஓட்டிவருகிறவன் பெயர் லோகன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் கொண்டுவரும் மீன் அவ்வளவு புதிது. ஒருமுறை ஒரு கொடுவா லோரியிலிருந்து குதித்து, முற்றத்தில் நடந்துபோய்க் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. ஐந்து வருடம் அங்கே இருந்தது. கூப்பிட்டால் மேலே வரும். மீன் பொறுக்குவதில் நல்லம்மாளுக்குக் கைராசி என்று வல்லிபுரம் ஐயா சொல்லிவிட்டார். அதிலிருந்து விடுதிச் சமையலுக்கு அவள்தான் போய்ப் பொறுக்கிக்கொடுப்பாள். லோகன் ஏதாவது சொல்வான், இவள் சிரிப்பாள். மாடி ஜன்னலுக்குக் கேட்கும். என் வேடிக்கைப் பேச்சு அவனுடையதைவிட நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

கடைசி நாள் மாலை கிணற்றுப் பக்கத்தில் போட்டோ. அதுவும் வழக்கம். அவளை நிற்க வைத்து நான் எடுப்பேன்.

வல்லிபுரம் ஐயாவுக்குப் பிந்திப் பிறந்த மகன் சிவேந்திரன். அவனுக்கு நாலைந்து வயதானபோது முற்றத்தில் நான் கொடி காட்டுவேன், அவன் இன்ஜின். வாயால் “கூ” என்று ஊதிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருவான். ஒருபோதும் திரும்பிப் பார்க்கமாட்டான். சுவருக்கு அரையடி இருக்கும்போது சிவப்பைத் தூக்குவேன், நின்றுவிடுவான். தங்கச்சி ராஜினி இரண்டாவது அடியிலேயே திரும்பிப் பார்த்துவிடுவாள். “நீ டிரைவர் இல்ல, நீ பாசெஞ்சர்,” என்று அவளைக் கேலி செய்வான். இவன் மட்டும் என் கையையே பார்ப்பான். நான் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு சுத்தமாகக் கற்றவன் ரயில்வேயிலேயே கிடையாது.

எண்பத்தாறுக்குப் பிறகு நான் தனியாகத்தான் போனேன். பேரேட்டில் மட்டும் பழைய மாதிரியே எழுதினேன்.

எண்பத்தேழில் வல்லிபுரம் ஐயா பேரேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன கன்னையா, ரெண்டு பேரெண்டு எழுதியிருக்கிறீர். வீட்டுக்காரி எங்கை?”

“கிணத்துல இருக்கா.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சமையற்காரர் சிரித்தார். அன்றைக்கு வந்த மீன்காரர்கூடச் சிரித்தார். அவர் புது ஆள். லோகன் அந்த வழிக்கு வருவதில்லையாம். வருடா வருடம் யாராவது கேட்பார்கள், நானும் அதையே சொல்வேன். நாளாக நாளாக அது ஒரு சடங்குபோல ஆகிவிட்டது. நான் வாசலில் பையை வைப்பதற்குள் மாடியிலிருந்து யாராவது, “கன்னையாண்ணே, அக்கா சௌக்கியமா? தண்ணி சில்லுன்னு இருக்காமா?” என்று கத்துவார்கள். “இருக்கா, இருக்கா, உங்களையெல்லாம் கேட்டதா சொன்னா,” என்பேன். கிம்மாஸிலும் அதைத்தான் சொன்னேன். பொய் சொல்ல வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

இடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அதை நான் மறைக்கவில்லை. யார்டு போய்ப் பெரிய சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது. ஜன்னலைத் திறந்தால் கண்ணாடிக் கோபுரங்கள். தலைக்குமேல் மோனோரயில் ஓடியது. அதற்கு ஷண்டிங்கே கிடையாது. பாஸ் நின்றது, நானும் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெறும்போது கொடிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு அது. டிக்கெட் வாங்கிக்கொண்டு, கொடிகளைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போனேன். யார்டு போனால் என்ன? முற்றம் இருந்தது. மின்விசிறி இருந்தது. கிணற்றை மட்டும் எண்பத்தொன்பதில் பழைய தண்டவாளக் கட்டைகளை அடுக்கி மூடிவிட்டார்கள். மூடினால் நல்லதுதான். மூடிய பொருள் மாறாது.

பிறகு நோய்த்தொற்றுக் காலம் வந்தது, ரயிலை நிறுத்தினார்கள். அது முடிந்ததும் என் முழங்காலில் கத்தி வைத்தார்கள். நான்கு வருடம் போகவில்லை. இடையில் வல்லிபுரம் ஐயா தொண்ணூற்றொரு வயதில் காலமானார். ராஜினி போனில் சொன்னாள். நான் போகமுடியவில்லை.

இந்த ஆகஸ்டில் போனேன். சனிக்கிழமை. வாசலில் பேரேடு இல்லை. பேரேடு இருந்த இடத்தில் ஒரு செடி. சுவரெல்லாம் சாம்பல் நிறம். படிக்கட்டுக் கைப்பிடியைக் கழற்றிச் சுவரில் படம்போல மாட்டியிருந்தார்கள். விடுதி மூடி ஆறு மாதம் ஆயிற்றாம். காப்பிக் கடையும் மேலே பத்து அறையும் வைத்துப் புதிதாகத் திறக்கப்போகிறார்களாம்.

சிவேந்திரன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். நாற்பத்து நான்கு வயது. பெட்டாலிங் ஜெயாவில் கட்டடம் வரைகிற வேலை. தலை கொஞ்சம் வழுக்கை, முகம் அதே முகம்.

“அங்கிள்! எத்தன வருசமாச்சு லா! ஆன்டி இன்னும் கிணத்துலதானா?”

“அங்கதான்.”

“அப்ப நீங்க வந்தது நல்ல நேரம். ஆன்டிய வெளிய எடுக்கப்போறோம்.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

அவன் என்னை முற்றத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினான். ஜம்பு மரம் இல்லை. தண்டவாளக் கட்டைகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். அதையும் மேசையாக்கப் போகிறார்களாம். கிணற்று வாய்மேல் தற்காலிகமாக ஒரு மெல்லிய பிளைவுட் பலகை. அதைச் சுற்றி நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, அவற்றைச் சேர்த்துச் சிவப்பு நாடா.

“திங்கக்கிழமை காலையில பம்பு வருது. தண்ணியெல்லாம் எறைச்சிட்டு, அடி வரைக்கும் கிளீன் பண்ணி, உள்ள லைட் போட்டு, மேல தடிமனா கண்ணாடி. கஸ்டமர் கண்ணாடி மேல நின்னு காப்பி குடிப்பாங்க, கீழ கிணறு தெரியும். எப்படி ஐடியா?”

“அடி வரைக்கும் தெரியுமா?”

“கிளியரா தெரியும் அங்கிள். ஒளிக்க ஒண்ணுமே இருக்காது.”

கிணற்றை அப்படியே விட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன். கட்டைகளைத் திரும்பப் போட்டு மூடி, மேலே தொட்டி வைக்கலாமே என்றேன். மூன்று முறை கேட்டேன். நான் யாரிடமும் எதையும் மூன்று முறை கேட்கிறவன் இல்லை. அவன் என் தோளில் கை போட்டு, “பழச காப்பாத்தத்தான் அங்கிள் இதெல்லாம் பண்றேன்,” என்றான். அன்று வேலையாட்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். விடுதி திறக்காவிட்டாலும் ஏழாம் எண் அறையில் எனக்காக ஒரு கட்டில் போட்டு, புதுப் படுக்கை விரிப்பு விரித்து வைத்திருந்தான். தலைமாட்டில் ஏர்கோன். ரிமோட்டை என் கையில் கொடுத்து எப்படி அமுக்குவதென்று இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தான். நல்ல மனம். அதை இங்கே எழுதாமல் விட்டால் தவறு.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிணற்றில் இருக்கிறாள் என்று முப்பத்தெட்டு வருடம் நான் சொன்னது வேடிக்கைக்காக அல்ல.

எண்பத்தாறு ஆகஸ்ட், சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. மறுநாள் காலை ரயில். நல்லம்மாள் பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “எல்லாம் மாறிப்போச்சு,” என்றாள். எனக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். விசிறி இருந்தது, சிலந்தி இருந்தது. “என்ன மாறிச்சு?” என்றேன். “இனிமே இங்க வரமாட்டேன். உங்ககூட எங்கயும் வரமாட்டேன்,” என்றாள். பிரியப்பட்ட ஓர் இடத்தைப் பற்றி ஒருத்தி அப்படிப் பேசினால் அதற்குமேல் விவாதிக்க ஒன்றும் இல்லை. “சரி, போட்டோ எடுக்கணும், கீழ போ, வரேன்,” என்றேன். அவள் கீழே போனாள்.

நான் கேமராவையும் கொடியையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் கிணற்றுக்கு முன்னால் நின்றாள். கிணற்றுச் சுவர் அந்தப் பக்கம் இடிந்திருந்தது. பச்சையை ஆட்டினேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். நான் சிவப்பைத் தூக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நான் அமுக்குவதற்குள் போய்விட்டாள். அதனால் அந்தப் படத்தில் கிணறு மட்டும்தான் விழுந்திருக்கிறது. அந்தப் படம் என் பணப்பையில் இருந்தது, நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அறைக்குத் திரும்பினால் பச்சைப் பையும் இல்லை, அலமாரியில் அவள் சேலைகளும் இல்லை. எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் போட்டோவுக்கு நின்றிருக்கிறாள் போலிருக்கிறது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கிணறு எவ்வளவு ஆழம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆகவே திங்கட்கிழமை பம்பு வரக் கூடாது. என் நிலையில் யாராக இருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். பம்புக்காரன் ஒருவனைத் தடுத்தால் இன்னொருவன் வருவான். யோசனை யாருடையதோ அவனைத் தடுக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சிவேந்திரன் தேநீர் போட்டுக் கொண்டுவந்தான். குடித்தோம். நான் பையைத் திறந்து கொடிகளை எடுத்துக் காட்டினேன். அவன் முகம் ஐந்து வயது முகமாக மாறியது.

“ஐயோ, இன்னும் வச்சிருக்கீங்களா!”

“கடைசியா ஒரு போட்டோ எடுப்போம். கிணத்த மாத்துறதுக்கு முன்னாடி.”

“எடுப்போம் எடுப்போம். என் போன்லயே எடுங்க, கேமரா நல்லா இருக்கும்.”

அவன் சட்டை மாற்றிக்கொள்ள உள்ளே போனான். நான் நாற்காலிகளை ஓரமாக வைத்தேன், நாடாவைச் சுருட்டினேன். படத்தில் நாற்காலி விழுந்தால் பார்க்க நன்றாக இருக்காது. மஞ்சள் சட்டையோடு திரும்பி வந்தான். போனை என் இடது கையில் கொடுத்தான். வலது கையில் பச்சையை எடுத்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே “கூ” என்று ஊதினான். பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான். பலகை பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியும். அதைப் போட்டதே அவன் ஆட்கள்தான். ஆனால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“ரெட்டு காட்ட மறந்துடாதீங்க லா,” என்றான்.

கொடி பிடித்திருக்கும்போது பேசக் கூடாது என்பது விதி.

பச்சை ஆடிக்கொண்டிருந்தது. சிவப்பு இடது கையில் இருந்திருக்க வேண்டும். இடது கையில் போன் இருந்தது. இடது கையைப் பற்றி முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

பலகை முறிந்தது பெரிய சத்தமாக இல்லை. பிஸ்கட் முறிகிற சத்தம்தான். கீழேயிருந்து முதலில் சிரிப்புக் கேட்டது. “அங்கிள், ரெட்டு! ரெட்டு லா!” என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். பிறகு சிரிக்காமல் கூப்பிட்டான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டான். நான் நாற்காலிகளை இருந்த இடத்தில் வைத்து, நாடாவைக் கட்டி, குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். குடித்த குவளையைக் கழுவாமல் வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆறரைக்குச் சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பங்சாரிலிருந்து ராஜினி கூப்பிட்டாள். அவன் போன் என்னிடம்தான் இருந்தது, எடுத்தேன்.

“ஹலோ, அண்ணனா? ஓ, கன்னையா அங்கிள்! வந்துட்டீங்களா! அண்ணன் எங்க?”

“கிணத்துல இருக்கான் மா.”

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “ஐயோ அங்கிள், எல்லாமே மாறிடுச்சு, நீங்க மட்டும் மாறவே இல்ல!” என்றாள்.

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது கிடையாது. மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள். அதையே சொன்னேன். “சரி சரி, வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க,” என்றாள். திங்கட்கிழமை காலை பம்புக்காரர்கள் வந்து முதலாளி எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்கும் சொன்னேன். அவர்கள் பங்களாதேஷ்காரர்கள், பகடி தெரியாது, நேராகப் போய் எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் என் பேச்சை நம்பிய முதல் ஆட்கள் அவர்கள்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நான் ஓடவில்லை. ஏழாம் எண் அறையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே இரண்டையும் சொன்னேன். சிவேந்திரனை மட்டும் எழுதிக்கொண்டு நல்லம்மாளை விட்டுவிடாதீர்கள், வரிசைப்படி அவள்தான் முதல் என்றேன்.

நேற்று நீங்கள் கோப்பைத் திருப்பிவைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “அங்கிள், ரெண்டு நாளா தண்ணிய எறைச்சு, அடியில இருந்த சேத்தையெல்லாம் சல்லடை போட்டுப் பாத்துட்டாங்க. ஒரு வாளி, ஒரு அலுமினியக் கெண்டி, ஒரு மூக்குக்கண்ணாடி. வேற ஒண்ணும் இல்ல. எலும்பு இல்ல.”

மூக்குக்கண்ணாடி என்னுடையது. எண்பத்தெட்டில் எட்டிப் பார்க்கும்போது விழுந்தது. எலும்பு இல்லையென்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கொடுவா மீனும் இல்லை என்றுதானே சொன்னீர்கள்? முப்பத்தெட்டு வருடத்தில் தண்ணீர் எதையும் செய்யும்.

உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அவள் அங்கே இருப்பதால்தான் நான் சிவேந்திரனை நிறுத்தவில்லை. அவள் அங்கே இல்லையென்றால் எனக்குக் காரணமே இல்லை. படுக்கை விரிப்பு விரித்துக் கொடுத்த ஒரு பிள்ளையைக் காரணம் இல்லாமல் கிணற்றுக்குள் அனுப்புகிறவன் இல்லை நான். ஆகவே அவள் அங்கேதான் இருந்தாள். இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

என் குற்றத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எண்பத்தாறில் என் மனைவி நல்லம்மாளைக் கொன்றேன். இந்த ஆகஸ்டில் சிவேந்திரனைக் கொன்றேன். கீழே பெயர், ஊர், எத்தனை பேர் என்று எழுதிவிட்டேன். இரண்டு பேர்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் விட்டுப்போன விவரம் ஏதாவது இருந்தால் சேர்க்கச் சொன்னீர்கள். சத்தியம் செய்துவிட்டதால் ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கான்ஸ்டபிள் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குவளையின் மூடியில் ஊற்றி மூன்று முறை ஊதிக் குடிக்கிற அந்த அம்மாள் காப்பாரிலிருந்து வந்திருக்கிறார். நீங்கள் மேசைமேல் வைத்த அவருடைய அடையாள அட்டையில் நல்லம்மாள் என்று இருக்கிறது.